மார்க்டவுனில் எழுதிய தமிழ்க் கையேட்டை நிரல்வழி வேர்டு, பிடிஎஃப், ஈபப் ஆக்குவது எப்படி?

45 அத்தியாயங்கள் கொண்ட ஒரு தமிழ்ப் பயிற்சிக் கையேட்டை மார்க்டவுனில், அதாவது # போன்ற எளிய குறிகளால் வடிவத்தைக் காட்டும் வெற்றுரையில், எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் எடிட்டரைத் திறந்து, கோப்பு கோப்பாக வேர்டுக்கும் பிடிஎஃப்புக்கும் ஏற்றுமதி செய்வது அலுத்துப்போய், ரெகெக்ஸ் (எழுத்துக் கோலங்களைத் தேடிப் பிடிக்கும் விதிகள்) கொண்டு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறீர்கள். அது எச்டிஎம்எல் வரை தாக்குப்பிடித்துவிட்டு அதற்கு மேல் சிதறிவிட்டது. பிறகு ஆயத்தக் கருவி ஒன்றில் பிடிஎஃப் எடுத்துப் பார்த்தபோது தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றிடமாக இருந்திருக்கிறது. இதை ஒழுங்காக நிரல்வழி செய்வது எப்படி என்பது உங்கள் கேள்வி.

இவை இரண்டும் ஒரே சிக்கல்போலத் தோன்றினாலும் முளைக்கும் இடம் வேறு. முதலாவது ஆவணத்தின் கட்டமைப்பைப் பற்றியது. இரண்டாவது எழுத்துருவையும், எழுத்துகளைக் கோத்து வரியாக்கும் எந்திரத்தையும் பற்றியது. முதலாவதைத் தீர்க்காமல் இரண்டாவதில் கை வைத்தால் மாதக்கணக்கில் ஒட்டுப்போட்டுக் கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ரெகெக்ஸ் வழியில் போய் மூக்குடைபட்டவர்களில் நானும் ஒருவன். ‘வரியின் தொடக்கத்தில் # இருந்தால் அது தலைப்பு’ என்று ஒரு விதி எழுதினேன். சோதனைக் கோப்பில் அது பிழையின்றி ஓடியது. முழுக் கையேட்டையும் ஓட்டி அச்செடுத்த பிறகுதான், பொருளடக்கத்தில் ‘முதலில் பழைய கோப்புகளை நீக்கவும்’ என்று ஓர் அத்தியாயம் இருப்பதைக் கண்டேன். நிரல் எடுத்துக்காட்டு ஒன்றின் நடுவே # போட்டு எழுதியிருந்த குறிப்புரை, என் விதியின் கண்ணுக்குத் தலைப்பாகப் பட்டிருக்கிறது. நிரல் கட்டத்துக்குள் இருந்தால் விட்டுவிடு என்று இன்னொரு விதி சேர்த்தேன். அடுத்து, பட்டியலுக்குள் உள்தள்ளி வைத்த நிரல் கட்டம் அதையும் உடைத்தது. வரியைப் பார்த்து மட்டும் அதன் பொருளைச் சொல்ல முடியாது, அது எதற்குள் இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும் என்பதால், இந்த ஒட்டுப்போடும் வேலைக்கு முடிவே வராது.

ஆகவே மாற்றத்தை எழுத்தின் மேல் செய்யாமல் மரத்தின் மேல் செய்ய வேண்டும். மூலக் கோப்பை ஒரு பார்சர் ஒரே ஒரு முறை படித்து, இது தலைப்பு, இது பத்தி, இந்தப் பத்திக்குள் இது அழுத்தம், இது இணைப்பு, இது அடிக்குறிப்பு என்று ஒரு மரமாக அடுக்குகிறது. பிறகு ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு ரைட்டர் அந்த மரத்தை மேலிருந்து கீழாக நடந்து தன் மொழியில் எழுதிவிடுகிறது. இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. 5 மூல வடிவங்களிலிருந்து 6 இலக்கு வடிவங்களுக்கு நேரடியாக மாற்ற 30 மாற்றிகள் தேவைப்படும். நடுவில் மரத்தை வைத்தால் மூலத்தைப் படித்து மரமாக்கும் 5 ரீடர்களும் 6 ரைட்டர்களுமாக 11 போதும்.

இந்த எண்ணத்தை மிகப் பரவலாக நடைமுறைப்படுத்திய கருவி பாண்டாக். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் அதை ஹாஸ்கெல் மொழியில் எழுதி 2006இல் வெளியிட்டார். மெய்யியல்காரர் ஒருவர் ஆவண மாற்றியை எழுதியது வியப்பாகத் தோன்றலாம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது, ஏனென்றால் ‘தலைப்பு என்பது என்ன’ என்று கேட்டுப் பழகியவர்தான் இதைச் சரியாகச் செய்ய முடியும். உங்கள் கையேடு ஆர்க் வடிவில் இருந்தால் ஈமேக்ஸின் ஏற்றுமதி நூலகம், ஆஸ்கிடாக் என்றால் ஆஸ்கிடாக்டர், ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் என்றால் ஸ்பிங்ஸ் என்று போகலாம். அவற்றிலும் அடிப்படை இதே மரம்தான். மார்க்டவுனில் தொடங்கியவருக்கு நான் பாண்டாக்கையே பரிந்துரைப்பேன்.

மரம் எப்படி இருக்கிறது என்பதை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிடுங்கள். ‘கனமழை எச்சரிக்கை வந்தது’ என்ற ஒரே வரியை, ‘கனமழை’யை மட்டும் தடித்த எழுத்தாகக் குறியிட்டுக் கொடுத்து, இலக்கு வடிவமாக ஜேசானை (தரவைக் கிளை கிளையாக எழுதும் உரை வடிவம்) கேட்டால், பத்தி என்ற ஒரு கிளை வரும். அதற்குள் தடித்த எழுத்து என்ற கணு, அதற்குள் ‘கனமழை’ என்ற சொல். பிறகு ஓர் இடைவெளிக் கணு. பிறகு ‘எச்சரிக்கை’ என்ற சொல். மீண்டும் ஓர் இடைவெளிக் கணு. ‘வந்தது’ என்ற சொல். ஒவ்வொரு இடைவெளியும் தனிக் கணு என்பதைக் கவனியுங்கள். ‘கனமழை எச்சரிக்கை’ என்ற தொடரைத் தேடி மாற்ற நினைத்தால், அந்த மரத்தில் அப்படியொரு சரமே கிடையாது. சொல்லை உள்ளடக்கிய தடித்த எழுத்துக் கணு, இடைவெளி, சொல் என்ற மூன்று கணுக்களின் வரிசையைத்தான் தேட வேண்டும். மூலத்தில் அங்கே வரி மடிந்திருந்தால் இடைவெளிக்குப் பதிலாக மென்முறிவு என்ற வேறொரு கணு இருக்கும். ஃபில்டர் எழுதத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஃபில்டர் என்பது பார்சருக்கும் ரைட்டருக்கும் நடுவில் நின்று மரத்தை மாற்றும் சிறு நிரல். 2017இல் வந்த பாண்டாக் 2.0 முதல் லூவா மொழி அதற்குள்ளேயே இருப்பதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. பைத்தான்தான் கைவந்தது என்றால் பேன்ஃப்ளூட் என்ற நூலகம் உண்டு. உங்கள் கையேட்டில் ‘எச்சரிக்கை’ என்று நிறமிட்ட கட்டங்கள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றை இப்போது மார்க்டவுனுக்கு நடுவே நேரடி எச்டிஎம்எல்லாக எழுதியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். எச்டிஎம்எல்லுக்கு அது அப்படியே போய்ச் சேரும். வேர்டு ரைட்டரோ, அச்சுக்கோப்பு மொழியான லேடெக்குக்கான ரைட்டரோ அந்தக் குறிகளைப் பார்த்தால் தனக்குரியது அல்ல என்று பேசாமல் விட்டுவிடும், வழக்கமான ஓட்டத்தில் உங்களுக்கு அறிவிப்புகூட வராது. உள்ளே இருந்த சொற்கள் மட்டும் சாதாரணப் பத்தியாக நிற்கும்.

இதற்கு மாற்றாக, மூன்று முக்காற்புள்ளிகளால் தொடங்கி மூன்று முக்காற்புள்ளிகளால் முடியும் தொகுதியாக அந்தக் கட்டத்தை எழுதி, அதற்கு ‘எச்சரிக்கை’ என்று ஒரு வகுப்புப் பெயர் கொடுங்கள். மரத்தில் அது பெயருள்ள ஒரு தொகுதிக் கணுவாக நிற்கும். இப்போது ஒரு லூவா ஃபில்டர், இலக்கு எது என்று கேட்டு, எச்டிஎம்எல் என்றால் அப்படியே விடும். வேர்டு என்றால் அந்தக் கணுவுக்கு ஒரு தனிப்பயன் ஸ்டைலின் பெயரைப் பண்பாக ஏற்றும். லேடெக் என்றால் தொகுதியின் முன்னும் பின்னும் உரிய சூழலின் திறப்பையும் மூடலையும் செருகும். பதினைந்து வரிக்குள் முடிந்துவிடும். மூலத்தில் ‘இது எச்சரிக்கை’ என்று மட்டும் இருக்கிறது, அது எந்த நிறத்தில் வரும் என்பது மூலத்தில் இல்லை என்பதுதான் இதில் உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான இலாபம். காணொளி இணைப்புகளை அச்சுப் பதிப்பில் வெறும் முகவரியாக மாற்றுவது, பயிற்றுநர்களுக்கு மட்டுமான பகுதிகளை மாணவர் பதிப்பில் நீக்குவது எல்லாம் இதே முறைதான்.

தலைப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தலைப்பின் சொற்களிலிருந்து தானாக ஓர் அடையாளத்தை உருவாக்கி, அதை உள் இணைப்புகளுக்குப் பயன்படுத்தும் கருவிகள் நிறைய உண்டு. ‘எழுத்து அல்லாதவற்றை நீக்கு’ என்பது அவற்றின் வழக்கமான விதி. ஆனால் யூனிகோடில் தமிழின் துணைக்குறிகளும் புள்ளியும் எழுத்து என்ற வகையில் சேர்வதில்லை. அவை சேர்க்கைக் குறிகள். பைத்தானின் இயல்பான ரெகெக்ஸ் நூலகத்தில், சொல்லெழுத்துகளை மட்டும் எடு என்று சொல்லித் ‘தமிழ்’ என்பதைக் கொடுத்துப் பாருங்கள்: ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டுகள் கிடைக்கும். இந்த விதியில் ‘கல்வி’ என்ற தலைப்பும் ‘கலவை’ என்ற தலைப்பும் ‘கலவ’ என்ற ஒரே அடையாளமாகச் சுருங்கிவிடும். ஓர் இணைப்பைத் தட்டினால் வேறோர் அத்தியாயம் திறக்கும். தானாக உருவாகும் அடையாளத்தை நம்பாமல், ஒவ்வொரு தலைப்பின் இறுதியிலும் நெளிவு அடைப்புக்குறிக்குள் நீங்களே ஓர் அடையாளத்தை எழுதிவிடுவது நல்லது. தலைப்பின் சொல்லைப் பின்னால் திருத்தினாலும் இணைப்பு அறுந்துபோகாது என்பது கூடுதல் வசதி.

இனி பிடிஎஃப். பாண்டாக் பிடிஎஃப்பைத் தானே எழுதுவதில்லை. வேறோர் எந்திரத்திடம் கொடுத்து வாங்குகிறது. இயல்பாக அது அழைப்பது பிடிஎஃப்லேடெக் என்ற பழைய எந்திரத்தை. அதற்குத் தமிழ் யூனிகோடு தெரியாது. ‘க’ என்ற முதல் எழுத்திலேயே இந்த யூனிகோடு எழுத்து அமைக்கப்படவில்லை என்று நின்றுவிடும். அப்படி நிற்பதுகூட நல்லதே. ஸீலேடெக் எந்திரத்துக்கு மாற்றிவிட்டு எழுத்துருவைச் சொல்ல மறந்தால்தான் வினை: இயல்பான எழுத்துருவில் தமிழே இல்லாததால், ஒவ்வொரு எழுத்துக்கும் ‘இந்த எழுத்துருவில் இல்லை’ என்று பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதிவைத்துவிட்டு, வேலை வெற்றிகரமாக முடிந்ததாக அறிவித்துவிடும். நீங்கள் கண்ட வெற்றிடம் பெரும்பாலும் இதுதான். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவை முதன்மை எழுத்துருவாகக் குறிப்பிட்டால் உடலெழுத்து வந்துவிடும்.

அதோடு முடிந்தது என்று எண்ண வேண்டாம். நிரல் கட்டங்கள் ஒரே அகல எழுத்துருவில் வருகின்றன. அந்த எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் தமிழ் இல்லை. ஆகவே புத்தகம் முழுதும் சரியாக இருந்து, நிரலுக்குள் தமிழில் எழுதிய குறிப்புரைகள் மட்டும் மறைந்து போகும்; மெய்ப்புப் பார்ப்பவர் நிரல் கட்டத்தை ஊன்றிப் படிப்பதில்லை என்பதால் இது அச்சு வரை தப்பிப்போவதும் உண்டு. லுவாலேடெக் எந்திரத்தில், ஓர் எழுத்துருவில் இல்லாத எழுத்தை இன்னோர் எழுத்துருவிலிருந்து எடுத்துக்கொள் என்று மாற்று எழுத்துருவைக் குறிப்பிட முடியும், பாண்டாக்கின் அண்மைப் பதிப்புகள் அதற்கு மாறிகளும் தருகின்றன. லுவாலேடெக்கில் தமிழ் எழுத்துருவுக்கு ஹார்ஃப்பஸ் ரெண்டரரைச் சேர்த்துச் சொல்ல மறக்காதீர்கள். ‘கொ’ என்பது நினைவகத்தில் ‘க’வும் அதன் பின் ஒரு குறியுமாக இருக்கிறது, தாளில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலுமாகப் பிரிந்து நிற்க வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பு எந்திரம்தான்.

கணிதச் சமன்பாடுகள் அதிகம் இல்லாத கையேடு என்றால் லேடெக்கை விட்டுவிட்டு, எச்டிஎம்எல்லாக மாற்றி, வீசிபிரிண்ட் என்ற கருவி கொண்டு பிடிஎஃப் எடுப்பதையே நான் விரும்புவேன். பக்க அளவு, ஓரம், பக்க எண், அத்தியாயத் தலைப்பைப் பக்க மேற்புறத்தில் ஓட்டுவது ஆகிய எல்லாவற்றையும் எச்டிஎம்எல்லுக்குத் தோற்றம் தரும் சிஎஸ்எஸ்ஸிலேயே சொல்லிவிடலாம். எழுத்துரு இல்லாத இடத்தில் அடுத்த எழுத்துருவைத் தானே தேடிக்கொள்ளும். இணையப் பதிப்புக்கு எழுதிய ஸ்டைல் கோப்பில் பாதி இங்கேயும் பயன்படும். வரி நிரப்புவதில் லேடெக்குக்கு அடிப்படையான டெக்கின் நேர்த்தி வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய குறிப்புகளில் அடிக்கடி தென்படும் டபிள்யூகேஎச்டிஎம்எல்டுபிடிஎஃப் என்ற கருவியைப் புதிதாகத் தொடங்கும் வேலைக்கு எடுக்காதீர்கள், அதன் வளர்ச்சி நின்றுவிட்டது.

வேர்டு கோப்புக்குத் தோற்றம் கொடுப்பது ஒரு மாதிரி ஆவணம். அதிலுள்ள சொற்களைப் பாண்டாக் பார்ப்பதில்லை, ஸ்டைல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதைத் திறந்து, உடலெழுத்தின் ஸ்டைலில் எழுத்துருவையும் அளவையும் மாற்றிச் சேமித்து மீண்டும் ஓட்டினால், ஆங்கிலச் சொற்கள் மட்டும் மாறித் தமிழ் அசையாமல் பழைய அளவிலேயே நிற்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். வேர்டின் கோப்பு வடிவமான டாக்எக்ஸ் என்பது எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சுருட்டி வைத்த ஒரு ஜிப் மூட்டை. அதை அவிழ்த்து ஸ்டைல் கோப்பைப் பார்த்தால் காரணம் புரியும்: ஒவ்வொரு ஸ்டைலிலும் இலத்தீன் எழுத்துக்கு ஒரு எழுத்துரு, ஓர் அளவு, தடிமனுக்கு ஒரு குறி; சிக்கல் எழுத்துமுறைகள் என்று வேர்டு வகைப்படுத்தும் தமிழ், அரபு போன்றவற்றுக்கு இவை மூன்றும் தனியாக இன்னொரு முறை. ஆகவே மாதிரி ஆவணத்தின் ஸ்டைல் சாளரத்தில் சிக்கல் எழுத்துமுறைக்கான பகுதிக்குச் சென்று, நிர்மலா யூஐ போன்ற தமிழ் எழுத்துருவையும் அளவையும் அங்கே தனியே குறிப்பிட வேண்டும். தலைப்பு ஸ்டைல்கள் ஒவ்வொன்றுக்கும், அடிக்குறிப்புக்கும், அட்டவணைக்கும் இதைச் செய்தாக வேண்டும். ஒரு மாலைப்பொழுது போகும்; அதன் பிறகு தொட வேண்டியதில்லை.

மின்னூல் வடிவமான ஈபப்பும் ஒரு ஜிப் மூட்டைதான். அதில் பெரிய சிக்கல் வருவதில்லை. இரண்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்டாடேட்டாவில் மொழியைத் தமிழ் என்று குறிப்பிடுங்கள், வரி முறிப்பதும் உரக்கப் படிப்பதும் அதைப் பார்த்துத்தான் நடக்கின்றன. நூலுக்கான அடையாளத்தையும் நீங்களே நிலையாகக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் பாண்டாக் புதியதோர் அடையாளத்தைப் போடும், படிப்புச் செயலிகள் திருத்திய பதிப்பை வேறொரு புத்தகம் என்று எண்ணி அடுக்கும். எடுத்த கோப்பை ஈபப்செக் கொண்டு சரிபார்ப்பதையும் ஸ்கிரிப்டிலேயே சேர்த்துவிடலாம்.

மூலத்தின் தூய்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையிலிருந்து வந்த கட்டுரைகள் பாமினியிலும், தமிழ்நாட்டு அலுவலகங்களிலிருந்து வந்தவை வானவில்லிலும் (இரண்டும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்கள்) தட்டப்பட்டிருந்தால் அவற்றை முதலில் யூனிகோடாக மாற்றிய பிறகே மார்க்டவுனுக்குள் கொண்டுவர வேண்டும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது கோப்பில் ஓர் அரைப்புள்ளி. பார்சருக்கு அது இலத்தீன் எழுத்துக் குவியலாகவே தெரியும். யூனிகோடிலும் ‘கொ’வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு. எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி என்ற நியம வடிவத்துக்கு மாற்றும் ஒரு படியை முதலிலேயே வைத்துவிட்டால் இது தீரும். ‘கௌரவம்’ என்பதற்குப் பதிலாகக் கொம்பும் ‘ள’கரமும் தட்டிக் ‘கெளரவம்’ என்று எழுதுவதை மட்டும் எந்த நியமமும் திருத்தாது, அது நிஜமாகவே வேறு எழுத்து. அதற்கு ஒரு சிறு சொற்பட்டியலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கோப்பதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பைத்தானிலிருந்து பாண்டாக்கை ஒரு துணைச் செயலாக அழைத்தால் போதும். பைபாண்டாக் என்ற நூலகமும் உள்ளே அதைத்தான் செய்கிறது. கோப்பைத் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், விண்டோஸ் கணினியில் பைத்தான் வேறொன்றை எடுத்துக்கொள்ளக்கூடும். எது மாறியதோ அதை மட்டும் மீண்டும் உருவாக்க, 1976இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த மேக் (make) என்ற கருவி இன்றும் போதுமானது: ஒவ்வொரு இலக்குக் கோப்பும் தன் அத்தியாயத்தை மட்டுமின்றி ஃபில்டரையும் மாதிரி ஆவணத்தையும் சார்ந்திருக்கிறது என்று எழுதிவையுங்கள், இல்லையெனில் ஃபில்டரைத் திருத்திவிட்டு ஏன் ஒன்றுமே மாறவில்லை என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பீர்கள். எச்சரிக்கை வந்தாலே தோல்வி என்று கொள்ளும் விருப்பத்தைப் பாண்டாக்கில் இயக்கிவிடுங்கள். மறைந்துபோன தமிழ் எழுத்துகளைத் தாள் வருவதற்கு முன் பிடிப்பது அதுதான். பாண்டாக்கின் பதிப்பு எண்ணையும் ஸ்கிரிப்டில் பூட்டி வையுங்கள், ஏனெனில் பதிப்புக்குப் பதிப்பு ரைட்டர்களின் வெளியீடு சிறிது மாறும்.

பதிப்பாசிரியர் வேர்டு கோப்பிலேயே திருத்தங்களைப் போட்டு அனுப்பினால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். பாண்டாக் டாக்எக்ஸையும் படிக்கும். பதிவான திருத்தங்களை ஏற்றோ, தள்ளியோ, எல்லாவற்றையும் குறியிட்டோ தரச் சொல்லலாம். ஆனால் அந்த வெளியீட்டை மூலத்தின் மேல் அப்படியே எழுதிவிடாதீர்கள். முன்னர் சொன்ன தொகுதிகளும் அடையாளங்களும் வேர்டுக்குப் போய்த் திரும்பும்போது அப்படியே மீள்வதில்லை. வேறொரு கோப்பில் எடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டு, சொல் திருத்தங்களை மட்டும் கையால் சேர்ப்பதே பாதுகாப்பானது. பிடிஎஃப்பில் குறித்து அனுப்பினால் தட்டச்சுதான் செய்ய வேண்டும்: பாண்டாக் பிடிஎஃப்பைப் படிக்காது, அதிலிருந்து நகலெடுக்கும் தமிழில் கொம்புகள் எழுத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

45 அத்தியாயங்களையும் இன்றே ஓட்டிப் பார்க்க வேண்டாம். ‘கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ’ என்று ஒரு வரி, தமிழ்க் குறிப்புரையுடன் ஒரு நிரல் கட்டம், நீண்ட சொற்கள் நிறைந்த ஓர் அட்டவணை, ஓர் அடிக்குறிப்பு, ஓர் எச்சரிக்கைத் தொகுதி, ‘கல்வி’ என்றும் ‘கலவை’ என்றும் இரண்டு தலைப்புகள், அவற்றுக்கு ஒவ்வோர் உள் இணைப்பு: இவ்வளவும் அடங்கிய ஒரு பக்கக் கோப்பை எழுதி, மூன்று வடிவங்களிலும் எடுத்துக் கண்ணால் பாருங்கள். அதில் எது உடைகிறது என்று இங்கே எழுதினால், அந்த இடத்துக்கான ஃபில்டரைச் சேர்ந்தே எழுதிப் பார்க்கலாம்.